தொண்ணூற்று மூன்று நாள் சுல்தானின் பவுன்

டீ எனக்குச் சேராதுங்க. சுக்குக் காபி இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் வெந்நீர் போதும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் எல்லோரும் காபிக்காரர்கள். மலையில் ஏலத்தோட்டம் வாங்கி ஆறு வருஷமாகிறது, இன்னும் இந்தத் தேயிலை வாசம் எனக்குப் பிடிபடவில்லை.

நிதானமாகவே சொல்கிறேன். ரைட்டர் எழுத வசதியாக இருக்கும்.

பெயர் ஈஸ்வரமூர்த்தி. வயது நாற்பத்தாறு. ஊரில் நெல்லும் கடலையும் போடுகிறோம். இங்கே ஆனைக்கரையிலிருந்து உடும்பஞ்சோலை போகிற வழியில் பன்னிரண்டு ஏக்கர் ஏலம். மனைவி பூவாத்தாள் ஊரில் இருக்கிறாள். குழந்தைகள் இல்லை. கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. சீட்டைக்கூடத் தொட்டதில்லை.

சைனுதீனைப் பற்றிக் கேட்டீர்கள். அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் காசுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா இறந்த வருஷம் அவருடைய பெட்டியில் ஒரு பவுன் கிடைத்தது. ராஜா தலையோ ராணி தலையோ அதில் இல்லை. ஒரு பக்கம் கொடி சுற்றிய மாதிரி எழுத்து, மறுபக்கம் வேறு எழுத்து. தட்டான் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, நம் பவுனைவிட எடை கொஞ்சம் குறைவு, உருக்கிவிடலாம் என்றான். எனக்கு மனசு வரவில்லை. பாலக்காட்டுக்கு எடுத்துப்போய் சைனுதீனிடம் காட்டினேன். அவன் மேட்டுப்பாளையம் தெருவில் கம்பளி வியாபாரம் செய்கிற ராவுத்தர். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. சின்ன வயசிலேயே ஓதப் போனவன், அரபி எழுத்து வாசிப்பான்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "துருக்கிப் பவுன் மூர்த்தி. அவங்க தலைநகரம் குஸ்துந்தினியாவுல அடிச்சது. இந்தக் கொடி மாதிரி இருக்கில்ல, இதுதான் சுல்தானோட கையெழுத்து. துக்ரான்னு சொல்வாங்க. மூஞ்சி போட மாட்டாங்க, பேருதான்" என்றான். அந்தக் கையெழுத்துக்குள் சுல்தான் பெயர், அவர் தகப்பன் பெயர் இரண்டும் இருக்கும், 'என்றும் வெல்பவன்' என்று ஒரு பட்டமும் இருக்கும். அவன் விரல் நகத்தால் ஒவ்வொரு வளைவாகத் தொட்டுக் காட்டினான். அன்று மத்தியானம் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தக் காசு ஆசை. பம்பாயில் பழங்காசு விற்கிற ஒருவருக்கு எழுதினேன். அவர் எல்லாச் சுல்தான்களின் கையெழுத்தையும் வரைந்து ஒரு தாள் அனுப்பினார். இந்த அளவுப் பவுனை அடித்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அப்துல் மஜீது, அப்துல் அஜீஸ், முராது, அப்துல் ஹமீது, ரஷாது, கடைசியாக வஹீதுத்தீன். ஆசாரியிடம் சொல்லி ஈட்டி மரத்தில் ஒரு பெட்டி செய்தேன். உள்ளே பச்சை வெல்வெட்டு. வட்டமாக ஆறு பள்ளம்.

இந்தப் பக்கம் அப்படிப்பட்ட காசு கிடைக்காது என்று நீங்கள் நினைக்கலாம். கிடைக்கும். முதல் உலகச் சண்டையில் பஸ்ராவுக்குப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். வந்த காசு பெண்டாட்டி கழுத்துக்கோ மகள் கழுத்துக்கோ போய்விடும். சைனுதீன் கம்பளி மூட்டையோடு ஆனைக்கரை, ஏலப்பாறை என்று எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறவன். போகிற வீடுகளில் எனக்காக விசாரிப்பான். என் பெட்டியில் இருந்த ஐந்தில் மூன்று அவன் தேடிக் கொண்டுவந்தது. தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொண்டதில்லை. நண்பன் என்றால் அவன்தான்.

ஐந்து வந்தது. முராது மட்டும் வரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. முராது ஆண்டது தொண்ணூற்று மூன்று நாள்தான். புத்தி சரியில்லை என்று இறக்கிவிட்டுத் தம்பி அப்துல் ஹமீதை உட்கார வைத்தார்கள். இரண்டு பேரும் பட்டத்துக்கு வந்தது ஒரே வருஷம், அவர்கள் கணக்கில் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதனால் இரண்டு காசிலும் ஒரே வருஷம்தான் இருக்கும். தகப்பன் பெயரும் ஒன்று. கையெழுத்தின் அடியில் இருக்கிற முதல் பெயரை வாசிக்கத் தெரிந்தால் மட்டுமே எது அண்ணன், எது தம்பி என்று பிரிக்கலாம். எத்தனையோ முராதுகள் ஹமீது என்ற பெயரில் உருகிப்போயிருக்கும்.

போன சித்திரையில் சைனுதீன் கொழிஞ்சாம்பாறைக்கே வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினான். "நீ எட்டு வருஷமா தேடுற ஆளு எங்க ஊட்டுலயே இருந்திருக்கான்பா" என்றான். அவன் மனைவி ருக்கியாவுக்கு அவள் அம்மா போட்ட காசுமாலையில் பதினோரு துருக்கிப் பவுன். பத்து ஹமீது. ஒன்று முராது. மகள் சௌதாவுக்குக் கல்யாணம் பேசி முடித்து, மாலையைச் சுத்தம் பண்ண எடுத்தபோது பார்த்திருக்கிறான். பம்பாய்த் தாளை என்னோடு உட்கார்ந்து வாசித்த பழக்கத்தால் கண்ணில் பட்டுவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்ல வந்தான். அதை நான் மறுக்கவில்லை.

மறுநாளே போய்ப் பார்த்தேன். மேலே வளையம் பற்றவைத்திருந்தார்கள். மற்றபடி சுத்தமான காசு.

கொடு என்றேன். அதற்குப் பதிலாக இரண்டு ஹமீது தருகிறேன் என்றேன். மூன்று என்றேன்.

"அது சௌதாவுக்குப்பா. பதினொண்ணும் அவ நன்னிம்மா கோத்தது. நடுவுல ஒண்ணை உருவுனா ருக்கியா சோறு திங்க மாட்டா" என்றான். "நீ எப்ப வேணும்னாலும் வந்து பாரு. பாக்குறதுக்கு என்ன?"

பார்ப்பது வேறு, வைத்திருப்பது வேறு என்பது அவனுக்குப் புரியவில்லை. நான் கோபப்படவில்லை. அவன் சேகரிக்கிறவன் இல்லை, அவ்வளவுதான். ஒரு பள்ளம் காலியாக இருக்கிற பெட்டியைத் தினமும் திறக்கிறவனுக்குத்தான் அது தெரியும். இன்னொன்றும் யோசித்தேன். அந்தப் பெண் கழுத்தில் அது எத்தனை நாளைக்கு இருக்கும்? புருஷன் கடை வைக்க வேண்டும் என்பான், தட்டானிடம் போகும். நான் அதைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். இதை ரைட்டர் எழுதிக்கொள்ள வேண்டும்.

பார்க்க வா என்று சொன்னதால் போய்ப் பார்த்தேன். அவன் மலைக்குப் போயிருந்த நாளிலும் போனேன். அந்த மாதம் மூன்று முறை. மூன்றாவது முறை ருக்கியா கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள். "அண்ணா, அவுங்க இல்லாதப்போ இனிமே வராதீங்க. மாலையை எடுத்துக் காட்டவும் சொல்லாதீங்க. சௌதா பயப்படுறா." நான் திண்பண்டம் வாங்கிப் போயிருந்தேன், வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் சைனுதீன் கோட்டை மைதானத்துப் பக்கம் என்னைக் கூட்டிப்போய்ப் பேசினான். சத்தம் போடவில்லை.

"அந்தக் காசை மாலையிலிருந்து கழட்டிட்டேன் மூர்த்தி. ஊட்டுலயும் வெக்கலை. கல்யாணத்தன்னைக்குத்தான் திரும்பக் கோக்கணும். உனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

"எங்கே வெச்சிருக்கே?"

"உன் கண்ணுல படாத எடத்துல" என்று சிரித்தான்.

அப்புறம் நாலைந்து மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவனுக்கு அது கஷ்டமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னான். எனக்கு எப்படி இருந்தது என்றால், எப்படியும் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், தோட்டத்துக்கு வந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்து மூடினேன்.

ஐப்பசியில் அவன் ஆனைக்கரைக்குக் கம்பளி கொண்டுவந்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானே சந்தைக்குப் போய்ப் பார்த்தேன். காசைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்தில் ஏலம் நன்றாகக் காய்த்திருக்கிறது, வந்து ஒரு நாள் தங்கிவிட்டுப் போ என்றேன். அவன் முகம் உடனே மாறிவிட்டது. "பழையபடி இருப்போம்ப்பா. காசு கெடக்குது கழுதை" என்றான். மூட்டையைப் பிரித்து, இருப்பதில் கனமான கம்பளி ஒன்றை எடுத்து என் தோளில் போட்டான். தவிட்டு நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. விலை சொல்ல மாட்டேன் என்றுவிட்டான்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் நடந்து போனோம். என் தோட்டத்தின் மேற்கு எல்லையில் ஒரு வாரிக்குழி உண்டு. அந்தக் காலத்தில் யானை பிடிக்க வெட்டியது. இரண்டு ஆள் ஆழம் இருக்கும், சுவர் முழுக்கப் பாசி. அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். அவன் விழுந்தான். சத்தம் பெரிதாக இல்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்துவிட்டது.

"ஆளைக் கூட்டிட்டு வா மூர்த்தி. கயிறு எடுத்துட்டு வா" என்றான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக் குடிசைக்குப் போனேன். கயிறு இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பிப் பாதி வழி வந்தேன். அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். என்ன யோசித்தேன் என்று கேட்டீர்கள். பெரிதாக எதுவும் யோசிக்கவில்லை. மேலே தூக்கிவிட்டால் இவன் ஊருக்குப் போய்விடுவான், ஆறு மாதம் படுத்திருப்பான், தையில் கல்யாணம் வந்துவிடும் என்று மட்டும் தோன்றியது.

சாயங்காலம் கயிற்றில் கட்டிக் கஞ்சியும் தண்ணீரும் இறக்கினேன். கம்பளியையும் போட்டேன், குழியில் குளிர் அதிகம். ஆட்கள் ஏலப்பாறைக்குப் போயிருக்கிறார்கள், காலையில்தான் வருவார்கள் என்றேன். அவன் நம்பினான். அல்லா உனக்கு நல்லது செய்வான் என்றான்.

தோட்டத்துக்குக் காவல் சிலுவைராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். மறுநாள் காலையில் வந்து, "ஐயா, மேக்கால யாரோ கூப்பிடுத மாதிரி கேக்கு" என்றார். மலையில் சத்தம் அப்படித்தான் எதிரொலிக்கும் என்றேன். ஏலம் உலர்த்துகிற சாமான் வாங்கிவரச் சொல்லி அவரை அன்றைக்கே ஏலப்பாறைக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து வந்தால் போதும் என்றேன். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. அவரை நீங்கள் அலைக்கழிக்கக் கூடாது.

இரண்டாம் நாள் குழி ஓரத்தில் உட்கார்ந்து சைனுதீனோடு ரொம்ப நேரம் பேசினேன். பள்ளிக்கூடத்துக் கதை, முதல் காசு கதை. அவனும் பேசினான், வலியை மறக்கப் பேசினான் என்று நினைக்கிறேன். அப்புறம்தான் கேட்டேன்.

"அந்த முராது எங்கே இருக்குது சைனு?"

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "ஆளுங்க வர மாட்டாங்க, இல்லே?" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. அவன் அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கொண்டுபோன கஞ்சியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். பேசப் பிடிக்காதவனுக்குச் சாப்பிடவும் பிடிக்காது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மழை. போனேன், கேட்டேன். அவன் கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் கஞ்சியைத் திருப்பித்தான் எடுத்து வந்தேன். நான் அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, கல்லெறியவில்லை. உடம்பில் வேறு காயம் இல்லை என்று உங்கள் டாக்டரே எழுதியிருக்கிறார்.

நாலாம் நாள் அவனே கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பூவாத்தாகிட்ட இருக்குது" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னான். "உன் பொண்டாட்டிகிட்டதான் குடுத்து வெச்சேன். உன் சொந்த ஊட்டுல நீ தேட மாட்டேன்னு. அவதான் நம்பிக்கையான ஆளுன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "சௌதா கல்யாணத்தை நிறுத்த வேணாம்னு ருக்கியாகிட்டச் சொல்லு. இனித் தூக்கு."

ஒரு குடம் தண்ணீர் இறக்கினேன். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். பிறகு ஊருக்குக் கிளம்பினேன்.

ஆனைக்கரையில் ஜீப் ஏறினேன். குமுளியில் ஜீப் நின்ற இடத்துக்கு எதிரிலேயே போலீஸ்காரர் ஒருவர் நின்றுகொண்டு கடலை தின்றுகொண்டிருந்தார். நல்ல வெயில். அவரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். கம்பத்தில் பஸ் மாறினேன். திண்டுக்கல்லில் ரயில் ஏறி, பொள்ளாச்சியில் இறங்கிச் சாப்பிட்டேன். வீடு சேர ஒன்றரை நாள் ஆயிற்று.

பூவாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சைனு கொடுத்த காசை எடுத்துவா என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, எங்கிட்ட இருக்குன்னு உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"அவனேதான் சொன்னான்."

"அவரு சொல்லியிருக்க மாட்டாருங்க. நீங்க கால்ல உழுந்து கேட்டாலும் குடுக்கப்படாதுன்னு என்னையச் சத்தியம் வாங்கிட்டுப் போனாருங்க." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ருக்கியாக்கா நேத்து வந்து அழுதுட்டுப் போச்சு. ஒரு வாரமா ஆளைக் காணோமாம். அவரு எங்கீங்க?"

"மலையில இருக்கான்."

"மலையில எங்கீங்க?"

அவள் உள்ளே போனாள். மஞ்சள் பானைக்குள் கையை விட்டுத் துணி முடிச்சை எடுத்து வந்து என் முன்னால் தரையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. கை மஞ்சளைக்கூடக் கழுவாமல், செருப்பும் போடாமல் வாசலைத் தாண்டிப் போனாள். பாலக்காட்டு பஸ் வருகிற நேரம் அது. அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தடுக்கவில்லை.

பெட்டியைத் திறந்து ஆறாவது பள்ளத்தில் முராதை வைத்தேன். பெட்டி நிறைந்தது. ஏதாவது தோன்றும் என்று எட்டு வருஷம் எதிர்பார்த்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பிறகு பூவாத்தாள் பாதியில் விட்ட அரிசியைப் புடைத்து வைத்தேன், காக்கை வரும் என்று.

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். மூன்று நாள் கழித்து உங்கள் ஆட்கள் வந்தார்கள், கேட்டார்கள், உடனே சொன்னேன். அதற்கு முன்னால் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் கிளம்பி வந்த பிறகு அவன் இரண்டு நாளாவது உயிரோடு இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். குடத்தில் தண்ணீர் மிச்சமில்லை என்றும் சொன்னீர்கள். அப்படியானால் நான் வைத்த தண்ணீர் அவனுக்குப் பிரயோஜனப்பட்டிருக்கிறது.

குழி விஷயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மேலே மூங்கிலும் தழையும் பரப்பியிருந்தது என்றீர்கள். பரப்பியது நான்தான், சந்தைக்கு முந்தின நாள். மாடு கன்று விழாமல் இருக்கட்டும் என்று. தழை போட்டால் மாடு விழாதா என்று சிரித்தீர்கள். செய்தபோது அப்படித்தான் நினைத்தேன். வண்டித்தடத்தை விட்டு இறங்கி, இந்தப் பக்கம் போனால் கிட்டம் என்று சைனுதீனிடம் சொன்னதும் நான்தான். நீ முன்னால் போ என்றதும் நான்தான். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். வேறு யாரையும் இதில் சேர்க்க வேண்டாம்.

காசை உங்கள் மேஜையில் வைத்திருக்கிறீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், எழுத்தின் மேல் விரல் படக் கூடாது. வளையத்தை நான் வெட்டவில்லை. அதைத் திருட்டு என்று எழுதாதீர்கள். அவன் வாயால் இடம் சொன்னான், என் மனைவி கொண்டுவந்து வைத்தாள்.

என் நல்ல நடத்தைக்குச் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று சற்று முன்னால் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். பூவாத்தாள் பிறந்த ஊருக்குப் போய்விட்டாள், வர மாட்டாள். மற்றவர்களுக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது. சின்ன வயசிலிருந்து என்னை அறிந்தவன், என் குணத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான் இருக்கிறான். எழுதிக்கொள்ளுங்கள். சைனுதீன், கம்பளிக் கடை, மேட்டுப்பாளையம் தெரு, பாலக்காடு.